உப்புக்காற்றுக்கு எந்த உலோகம்: எழுவான்கரைப் பட்டறைகளுக்கான போல்ட், திருகாணித் தெரிவு

இலங்கையின் கிழக்கே, கல்லடியிலிருந்து கல்முனை வரை, கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒடுங்கி நீளும் எழுவான்கரையில் லேத் பட்டறை வைத்திருப்பவர்களிடம் போல்ட் கடைந்து தரக் கேட்டு வருகிறவர்கள் அளவைச் சொல்வார்கள், எண்ணிக்கையைச் சொல்வார்கள். எந்த உலோகத்தில் வேண்டும் என்று சொல்கிறவர் குறைவு. கழற்றிக் கொண்டுவந்த பழைய போல்ட்டை மேசையில் வைத்து, “இதே மாதிரி நாலு” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அறுந்ததைத் திரும்பச் செய்து கொடுப்பதோடு வேலை நிற்கும்வரை இதனால் பெரிய நட்டமில்லை. ஆனால் வள்ளங்களுக்கும் நெல் ஆலைகளுக்கும் கூரை வேலைக்கும் தேவையான திருகாணி, போல்ட், நட்டு வகைகளைத் தொகையாகச் செய்து ஹாட்வெயார் கடைகளுக்குக் கொடுப்பதென்று ஒரு பட்டறை தீர்மானித்துவிட்டால், எந்தக் கலப்புலோகத்தில் பணத்தைப் போடுவது என்ற கேள்விதான் முதலில் வந்து நிற்கும். அந்தத் தெரிவுக்கு உதவும்படி, இந்தக் கரையில் உண்மையில் போட்டிக்கு நிற்கும் உலோகங்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

போட்டிக்கு நிற்பவை ஐந்து: காபன் குறைந்த சாதாரண உருக்கு, காய்ச்சிப் பதப்படுத்திய வலிய உருக்கு, ஸ்டெயின்லெஸ், பித்தளை, வெண்கலம். டைட்டேனியமும், நிக்கலும் செம்பும் கலந்த மொனலும் கடல்நீருக்கு அசையாதவை என்பது உண்மைதான். ஆனால் அவற்றின் விலையைக் கேட்ட பிறகும் இங்கே வாங்க ஆளிருக்கும் என்று நான் நம்பவில்லை, ஆகவே அவற்றை விட்டுவிடுகிறேன்.

இத்தகைய ஒப்பீடுகளை வலிமை அட்டவணையிலிருந்து தொடங்குவது வழக்கம். அந்த அட்டவணையைப் படிக்கத் தெரிந்திருப்பது அவசியமே தவிர, தீர்ப்பு அதிலிருந்து வருவதில்லை. உருக்குப் போல்ட்டின் தலையில் பொறித்திருக்கும் 4.6, 8.8, 10.9 போன்ற எண்கள் ஐஎஸ்ஓ 898-1 என்ற தரத்தின்படியானவை. புள்ளிக்கு முன்னுள்ள எண்ணை 100ஆல் பெருக்கினால், அந்த உலோகம் எத்தனை மெகாபாஸ்கல் (சதுர மில்லிமீற்றருக்கு இத்தனை நியூட்டன்) இழுவிசையில் அறும் என்பது கிடைக்கும். புள்ளிக்குப் பின்னுள்ள எண், அதில் எத்தனை பத்தில் ஒரு பங்கை எட்டும்போது போல்ட் நீண்டு, பழைய நீளத்துக்குத் திரும்பாமற் போகும் என்பதைக் காட்டும். ஆகவே 4.6 என்பது 240 மெகாபாஸ்கலில் நீளத் தொடங்கி 400இல் அறுவது, 8.8 என்பது 640இல் நீளத் தொடங்கி 800இல் அறுவது. ஸ்டெயின்லெஸ்ஸுக்கு ஐஎஸ்ஓ 3506 என்ற வேறு தரம் உண்டு. அதில் ஏ2 என்பது 304 என்ற ஸ்டெயின்லெஸ் வகையின் குடும்பம், ஏ4 என்பது 316 என்ற வகையின் குடும்பம். பின்னால் வரும் 70 என்பது 700 மெகாபாஸ்கலைக் குறிக்கும். ஆனால் ஏ2-70 நீளத் தொடங்குவது 450இலேயே. பளபளப்பையும் விலையையும் பார்த்து ஸ்டெயின்லெஸ்தான் எல்லாவற்றிலும் பலமானது என்று எண்ணுகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர், 8.8 இருந்த இடத்தில் அதே அளவு ஏ2-70ஐப் போட்டால், இறுக்கிப் பிடிக்கும் பலத்தில் ஏறத்தாழ 30 வீதம் போய்விடும்.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. அந்த 70 என்ற எண் உலோகத்தின் பிறவிக் குணமல்ல. கம்பியைக் குளிர்நிலையில் இழுத்தும் தலையை அடித்தும் புரியை உருட்டியும் செய்வதால் ஏறுகின்ற வலிமை அது. மென்மையாக்கிய 316 கம்பியை வாங்கி லேத்தில் கடைந்து, டையால் புரி வெட்டினால் கிடைப்பது ஏ4-50தான்: 500இல் அறும், 210இலேயே நீளத் தொடங்கும். அதாவது, கொழும்பிலிருந்து வரும் பெட்டிப் போல்ட்டுக்குப் பதிலாக, அதே 316 என்று நம்பி நமது பட்டறை கடைந்து கொடுக்கும் போல்ட், நீளாமல் இறுக்கிப் பிடிப்பதில் அதன் பாதிப் பலத்துக்குக்கூட வராது. வள்ளத்தின் பின்பலகையில் வெளியிணைப்பு இயந்திரத்தைத் தாங்கும் போல்ட்டுக்கு இது சின்ன விடயமல்ல.

எனவே எந்த உலோகம் என்ற கேள்வியை எந்த முறையில் செய்யப்போகிறோம் என்பதிலிருந்து பிரிக்க முடியாது. அறுகோணக் கம்பியிலிருந்து போல்ட் கடைவது எவ்வளவு வீண் செலவு என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தலை 19 மில்லிமீற்றர் சாவிக்கு, தண்டு 12 மில்லிமீற்றர், தலைக்குக் கீழே நீளம் 60 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொண்டால், தலையோடு சேர்த்து 67.5 மில்லிமீற்றர் அறுகோணக் கம்பி வேண்டும். உருக்கில் அதன் எடை 166 கிராம் அளவில் வரும். கடைந்து முடித்த போல்ட் 72 கிராம் அளவில் நிற்கும். மிகுதி முழுவதும், அதாவது பாதிக்கும் மேல், சீவலாக லேத்தின் அடியில் கிடக்கும். சாதாரண உருக்கென்றால் அந்தச் சீவல் பழைய இரும்பு விலைக்குத்தான் போகும், ஆனால் கம்பியும் மலிவு. பித்தளைக் கம்பி விலை கூடியதென்றாலும், அதன் சீவலைச் சுத்தமாகச் சேர்த்து வைத்தால் நல்ல விலைக்கு எடுப்பார்கள். நடுவில் மாட்டுப்படுவது ஸ்டெயின்லெஸ்: கம்பி விலை கூட, கடைய நேரம் கூட, வெட்டுமுனை தேய்வதும் கூட. ஒரு கம்பிச் சுருளிலிருந்து தலையைக் குளிர்நிலையில் அடித்து, புரியை இரு தகடுகளுக்கிடையில் உருட்டி எடுக்கும் இயந்திரத்தில் சீவல் என்பதே அநேகமாக இல்லை. மேலும் உருட்டிய புரியில் உலோகத்தின் நார்ப்போக்கு அறுபடாமல் புரியோடு வளைந்து செல்வதால், அதிர்வைத் தாங்கும் தன்மை வெட்டிய புரியைவிடத் தெளிவாகக் கூடும். புதிதாக இயந்திரம் வாங்கும் எண்ணமிருந்தால், தலையடிக்கும் இயந்திரம் இல்லாவிட்டாலும் ஒரு சிறிய புரியுருட்டும் இயந்திரத்தை வாங்குவது நல்லது என்பேன்; தண்டின் விட்டத்தைப் புரியின் நடு அளவுக்குக் கடைந்துகொண்டு, புரியை மட்டும் உருட்டிவிடலாம்.

இனி ஒவ்வொரு உலோகமாகப் பார்ப்போம்.

காபன் 0.2 வீதத்துக்கு உட்பட்ட சாதாரண உருக்கு எந்த வேலைக்கும் வளைந்து கொடுக்கும். வெட்டவும் அடிக்கவும் வெல்டிங் செய்யவும் இலகுவானது, 4.6 தரத்தை வெப்பப் பதமின்றியே எட்டும். அதன் ஒரே குறை கறள். எழுவான்கரையில் வாடைக்காற்று தொடங்கிவிட்டால், கடற்கரையிலிருந்து சில நூறு யார் தூரத்திலுள்ள வீட்டுக் கம்பிக் கதவில்கூட உப்பு படிந்துவிடுகிறது. அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்திருப்பதால், மழை இல்லாத நாளிலும் இரும்பு நனைந்தபடியே இருக்கும். ஆகவே இங்கே சாதாரண உருக்கை ஒப்பிடும்போது, அதை மூடும் நாகத்தையும் (துத்தநாகத்தையும்) சேர்த்தே ஒப்பிட வேண்டும். கடைகளில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ மினுங்கும் திருகாணிகளில் மின்முலாமாகப் பூசியிருக்கும் நாகம் 5 முதல் 12 மைக்கிரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரைதான். உருகிய நாகத்தில், ஏறத்தாழ 450 பாகை செல்சியஸில், முக்கியெடுத்த சாம்பல்நிறப் போல்ட்டில் அது 40 மைக்கிரோனைத் தாண்டும். நாகம் கரைந்து கரைந்துதான் இரும்பைக் காக்கிறது என்பதால், காப்பின் ஆயுள் அதன் தடிப்போடு ஏறத்தாழ நேராகவே கூடும். உள்நாட்டில், அம்பாறைப் பக்கம் வீட்டுக்குள் பூட்டும் பிணைச்சலுக்கு மினுங்கும் முலாம் போதும். கல்லடியிலோ திருக்கோவிலிலோ வெளியே பூட்டும் எதற்கும் அது போதாது.

முக்கியெடுத்த போல்ட்டைச் செய்யும் பட்டறை ஒன்றை மறக்கக்கூடாது. புரியின் மேல் அத்தனை தடிப்பில் நாகம் ஏறியபின் சாதாரண நட்டு அதில் ஏறாது. அப்போது பலர் டையைப் போட்டுப் போல்ட்டின் புரியை மீண்டும் வெட்டிச் சரிசெய்துவிடுகிறார்கள். காசு கொடுத்து ஏற்றிய நாகத்தை, அது மிகத் தேவையான இடத்திலேயே சுரண்டி எறிவதுதான் அந்த வேலை. சரியான வழி, நட்டின் உட்புரியைப் பெரிதாக வெட்டுவது. நட்டின் உட்பகுதியில் நாகம் இல்லாமற் போனாலும் பரவாயில்லை. போல்ட்டின் புரியிலுள்ள நாகம் அதைத் தொட்டுக்கொண்டிருப்பதால் இரண்டையும் சேர்த்தே காக்கும்.

அத்திவாரத்தில் பதிக்கும் வளைந்த போல்ட்டை வீடு கட்டும் முறுக்குக் கம்பியிலிருந்தே செய்து கொடுக்கும் வழக்கமும் இருக்கிறது. இன்றைய முறுக்குக் கம்பிகளிற் பெரும்பாலானவை ஆலையிலேயே சூட்டோடு நீர் பாய்ச்சி மேற்தோலை மட்டும் கடினமாக்கியவை. உள்ளே மென்மை, வெளியே வலிமை. புரி வெட்டுவதற்காக அந்த மேற்தோலைக் கடைந்து தள்ளிவிட்டால் எஞ்சுவது மென்மையான நடுத்தண்டு மட்டும். கம்பியின் பெயரிலுள்ள எண்ணை நம்பி அந்தப் போல்ட்டில் பாரம் ஏற்றுவது தவறு. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி மட்டக்களப்பில் கூரைகளை என்ன செய்தது என்பதை அறிந்த ஊரில், கூரையைச் சுவரோடும் சுவரை அத்திவாரத்தோடும் பிடிக்கும் போல்ட்டை எதில் செய்வது என்பதற்கு மேலும் காரணம் சொல்லத் தேவையில்லை: வழவழப்பான சாதாரண உருக்குக் கம்பி, அதற்கு மேல் முக்கியெடுத்த நாகம்.

வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக்கும் அதற்கப்பால் அம்பாறையின் வயல்வெளிகளுக்கும் போனால் கேள்வி மாறிவிடுகிறது. உப்பின் உபத்திரவம் அங்கே குறைவு. அதிர்வும் அடியும் மண்ணும்தான் அங்கே பிரச்சினை. லான்ட்மாஸ்டர் என்ற இருசில்லு உழவு இயந்திரத்தின் சுழல்கத்தி, நெல் ஆலையின் உமி நீக்கும் உருளை, ஆட்டும் சல்லடை ஆகியவற்றைப் பிடிக்கும் போல்ட்டுகள் 8.8 ஆகவும், சிலவேளை 10.9 ஆகவும் இருக்க வேண்டியவை. காபன் 0.35 வீதத்துக்கு மேற்பட்ட உருக்கை, அல்லது குரோமியமும் மொலிப்டினமும் சேர்ந்த 4140 போன்ற கலப்புருக்கை, உலையில் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, பின்னர் 425 பாகைக்குக் குறையாமல் மீண்டும் சூடாக்கிப் பதம் இறக்கினால் இந்தத் தரங்கள் கிடைக்கும். கேட்க எளிதுதான். ஆனால் சூட்டை அளந்து கட்டுப்படுத்தும் உலையும், ஒவ்வொரு தொகுதியிலும் சிலவற்றை எடுத்துக் கடினத்தைச் சோதிக்கும் கருவியும் இல்லாமல், கரி அடுப்பின் நிறத்தைப் பார்த்துப் பதம் போடும் பட்டறை இந்த வேலையில் இறங்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. பதம் கூடிய போல்ட் அறுவதற்கு முன் நீண்டு அறிகுறி காட்டாது, திடீரென்று ஒடியும். உளி, கத்தி அடிப்பதில் கைதேர்ந்த கொல்லரின் கண்ணை நான் குறைத்து மதிப்பிடவில்லை, ஆனால் ஒரு கத்தியைப் பதம் போடுவதும் ஒரே குணத்தில் ஐந்நூறு போல்ட் எடுப்பதும் வேறு வேறு தொழில்கள். அதோடு, தலையில் 8.8 என்று பொறிப்பது ஓர் உத்தரவாதம். செய்தவரின் அடையாளமும் அதன் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்கிறது தரம்.

வலிய உருக்கில் மறைந்திருக்கும் இன்னோர் ஆபத்து ஐதரசன். மின்முலாம் பூசுவதற்கு முன் அமிலத்தில் கழுவும்போதும், பூசும்போதும் ஐதரசன் உலோகத்துக்குள் நுழைந்துவிடும். மென்மையான உருக்கு அதைப் பொறுத்துக்கொள்ளும். 10.9 தரத்திலும் அதற்கு மேலும், இறுக்கிப் பூட்டிய போல்ட் சில மணிநேரத்திலோ சில நாளிலோ யாரும் தொடாமலே தலை தெறித்து விழ அது காரணமாகலாம். பூசியவுடன் 200 பாகை அளவில் பல மணிநேரம் சுடவைத்து ஐதரசனை வெளியேற்றுவது நடைமுறை. 12.9 போல்ட்டைக் கறளுக்காக முலாம் பூசக் கொடுக்கும் யோசனையையே கைவிடுவது அதைவிட நல்லது; எண்ணெய் பூசிய கறுப்புப் போல்ட்டாகவே அது இருக்கட்டும்.

பலமானதைத் தெரிவு செய்வதே பிழையாகும் இடமும் உண்டு. நெற்சூடு அடிக்கும் இயந்திரங்களிலும் வைக்கோல் கட்டும் இயந்திரங்களிலும், ஏதாவது சிக்கினால் முதலில் அறுவதற்கென்றே ஒரு போல்ட்டை வைத்திருப்பார்கள். அடிக்கடி அறுகிறதே என்று அலுத்துப்போய் அந்த இடத்தில் 10.9ஐப் போட்டு இறுக்கிவிட்டால், அடுத்த முறை உடைவது பற்சக்கரப் பெட்டியாக இருக்கும். அந்தப் போல்ட் இயந்திரத்தின் கைநூல் என்ன தரம் சொல்கிறதோ அதே தரத்தில் இருக்க வேண்டும், ஒரு படிகூட மேலே போகக்கூடாது. மெலிந்ததென்று பெயரெடுத்த சாதாரண உருக்குக்கு இது ஒரு நல்ல சந்தை. பட்டறைக்காரர்கள் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஸ்டெயின்லெஸ்ஸைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் அதைப் பற்றித்தான் அதிகம் தவறாகச் சொல்லப்படுகிறது. அதற்குக் கறள் பிடிக்காது என்பது பாதி உண்மை. குரோமியம் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமொன்றை மேலே உண்டாக்குகிறது. கீறினால் அது தானாகவே மீண்டும் படரும். ஒட்சிசன் கிடைக்கும்வரைதான் இந்தப் பாதுகாப்பு. குளோரைட்டு, அதாவது உப்பு, அந்தப் படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். 304இல் குரோமியம் 18 வீதம், நிக்கல் 8 வீதம் அளவில் இருக்கும். 316இல் மேலதிகமாக 2 முதல் 3 வீதம் மொலிப்டினம் இருக்கும். இந்த மொலிப்டினம்தான் உப்புக்கு எதிராக நின்று பிடிப்பது. கடலோரத்தில் 304 சில மாதங்களில் தேநீர்க் கறைபோல் பழுப்பேறுவதும், பக்கத்திலேயே உள்ள 316 வெளுப்பாக நிற்பதும் பாசிக்குடாப் பக்கத்து விடுதிகளின் கைப்பிடிக் கம்பிகளில் பார்க்கக்கூடியதுதான். அந்தப் பழுப்பு பெரும்பாலும் மேற்பரப்பின் அழகைக் கெடுப்பதோடு நிற்கும். பலத்தைக் குறைக்க நெடுங்காலம் செல்லும்.

லேத்தில் கடைய எளிதென்று 303 கம்பியை விற்பவர்கள் பரிந்துரைப்பார்கள். அதில் வேண்டுமென்றே கந்தகம் சேர்த்திருப்பதால் சீவல் துண்டு துண்டாக உடைந்து விழும், வெட்டுமுனை நிலைக்கும், மேற்பரப்பும் நன்றாக வரும். அதே கந்தகத் துகள்கள்தான் உப்பு துளையிடத் தொடங்கும் வாசல்கள். பட்டறைக்கு இனிய உலோகம் கடலுக்கு ஆகாத உலோகம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. தேநீர்க்கடை இயந்திரத்துக்கும் உள்ளறை வேலைக்கும் 303 சரி. எழுவான்கரையில் வெளியே பூட்டும் எதற்கும் வேண்டாம்.

காந்தத்தை ஒட்டிப் பார்த்து ஸ்டெயின்லெஸ்ஸைத் தரம் பிரிக்கும் பழக்கத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஒட்டினால் போலி, ஒட்டாவிட்டால் அசல் என்பது கடைகளில் வேதவாக்கு. மென்மையான 304 ஒட்டாது என்பது சரி. ஆனால் குளிர்நிலையில் தலையடித்துப் புரியுருட்டிய நல்ல 304 போல்ட் ஓரளவு காந்தத்தில் ஒட்டும், அது குற்றமல்ல. மறுபுறம், நிக்கலைக் குறைத்து மங்கனீசை ஏற்றிய 200 வரிசை மலிவு ஸ்டெயின்லெஸ்ஸும் மென்மையான நிலையில் ஒட்டாது, ஆனால் உப்புக்காற்றில் 304க்கும் கீழே நிற்கும். காந்தம் உண்மையில் பிடித்துக் கொடுப்பது 410, 430 போன்ற, எப்போதும் காந்தத்தில் ஒட்டும் ஸ்டெயின்லெஸ் வகைகளை மட்டும். 304ஐயும் 316ஐயும் பிரித்தறிய மொலிப்டினத்துக்கு நிறம் மாறும் சோதனைத் துளிகள் கிடைக்கின்றன. தொகையாகக் கம்பி எடுப்பவர் ஒரு குப்பியை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இனி நீர்மட்டத்துக்குக் கீழே வருவோம். கடலில் ஓடிய மரப் படகொன்றின் அடிப்பலகையிலிருந்து கழற்றும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையிருக்காது: தலை பளபளக்கும், மறுமுனையில் நட்டும் பளபளக்கும், பலகைக்குள் புதைந்திருந்த நடுத்தண்டு மட்டும் கரையான் தின்ற குச்சியாக நெளிந்து, விரல்நகம் நுழையுமளவு குழிவிழுந்திருக்கும். ஈரமான மரத்துக்குள் உப்புநீர் தேங்குகிறது, ஒட்சிசன் போய்ச் சேர்வதில்லை. படலம் உடைந்தால் மீண்டும் படர வழியில்லை. 316உம் இதற்கு விதிவிலக்கல்ல, சற்றுத் தாமதமாகும், அவ்வளவே. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எதுவும் தெரியாது என்பதுதான் இதிலுள்ள பெரிய ஆபத்து. வாழைச்சேனைத் துறையில் கரையேற்றிப் பழுதுபார்க்கும் படகுகளுக்கு வேலை செய்யும் ஓடாவிமார், மூடிய ஈரத்துக்குள் ஸ்டெயின்லெஸ்ஸைப் புதைப்பதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும். காற்றுப்படும் இடங்களில், அதாவது மேற்தட்டு, கயிறு கட்டும் கட்டை, பைபர் வள்ளத்தின் விளிம்பு ஆகியவற்றில், 316க்கு நிகர் வேறில்லை.

ஸ்டெயின்லெஸ் நட்டு ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் பாதிவழியில் இறுகி ஒட்டிக்கொள்ளும் தொல்லையும் உண்டு. மின்துரப்பணத்தில் மாட்டி வேகமாகச் சுழற்றும்போது புரிகளின் படலம் உரசிப் பிய்ந்து, உலோகமும் உலோகமும் குளிர்நிலையிலேயே ஒட்டிவிடும். பிறகு முன்னும் போகாது, பின்னும் வராது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். புரியில் ஒட்டுத்தடுப்புப் பசையைத் தடவி, கைச்சாவியால் மெதுவாக இறுக்கினால் இது வராது. வெட்டிய புரியின் கரடுமுரடு இந்த ஒட்டலைத் தூண்டும் என்பதால், உருட்டிய புரிக்கு ஆதரவாக இன்னொரு காரணமும் இங்கே சேர்கிறது.

பித்தளை நமது பட்டறைகளுக்குப் பழக்கமான உலோகம். செம்பு 60 வீதத்துக்குச் சற்று மேல், நாகம் 36 வீதம், ஈயம் 3 வீதம் அளவிலான பித்தளை வெட்டுவதற்கு அத்தனை இனியது. செம்புக் கலப்புலோகங்கள் எத்தனை இலகுவாக வெட்டப்படும் என்பதை அளக்க அதைத்தான் 100 என்று வைத்திருக்கிறார்கள். மின்சார இணைப்பு, கதவுப் பூட்டு, தளபாடங்களின் அலங்காரத் திருகாணி என்று உள்வேலைகளுக்குப் பித்தளையை நான் தயங்காமல் சொல்வேன். கடல்நீருக்குள் மட்டும் அது துரோகி. உப்புநீர் அதிலுள்ள நாகத்தைத் தனியே பிரித்து எடுத்துவிட, அளவும் வடிவமும் மாறாமல் செம்பு மட்டும் கடற்பஞ்சுபோல் எஞ்சும். மஞ்சளாக இருந்த திருகாணி இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் அதைத் திருப்புளியால் திருகிப் பார்க்கலாம். தலை கையோடு வந்துவிடும். வெள்ளீயம் 1 வீதம் அளவில் சேர்த்த கடற்பித்தளை இதைச் சற்றுத் தள்ளிப்போடும்.

வெண்கல வகைகளில் திருகாணிக்கென்றே பொருத்தமானது சிலிக்கன் வெண்கலம்: செம்போடு 3 வீதம் அளவில் சிலிக்கன். பிரிந்துபோக அதில் நாகம் அநேகமாக இல்லை. ஒட்சிசன் வராத ஈரமரத்துக்குள்ளும் அது நெடுங்காலம் நிற்கும். மரப் படகு கட்டுபவர்கள் உலகெங்கும் நீர்மட்டத்துக்குக் கீழே அதை விரும்புவது இதனால்தான். பலத்தில் சாதாரண உருக்கை ஒத்தது, விலையில் பல மடங்கு. மரப் படகுகள் குறைந்து பைபர் வள்ளங்கள் பெருகிவிட்ட இந்தக் கரையில் இதற்குச் சந்தை சிறியது. கேட்டுச் செய்து கொடுக்கும் பொருளாக வைத்திருக்கலாம், தொகையாகச் செய்து அடுக்க வேண்டாம்.

இத்தனையும் தனித்தனி உலோகத்தின் குணம். எந்தப் போல்ட்டும் தனியாக இருப்பதில்லை, இன்னோர் உலோகத்தைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது. உப்புநீரில் இரு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டால் ஒன்று கரைந்து மற்றதைக் காக்கும். கரைபவை முதலிலும் கரையாதவை கடைசியிலுமாக வைத்தால் வரிசை இது: நாகம், அலுமினியம், உருக்கு, பித்தளையும் வெண்கலமும், ஸ்டெயின்லெஸ். இதில் பரப்பளவு முக்கியம். பெரிய அலுமினியச் சட்டத்தில் சிறிய ஸ்டெயின்லெஸ் திருகாணி இருந்தால், கரையவேண்டிய அலுமினியம் பெரிதென்பதால் பாதிப்பு பரவி மெதுவாகும். அலுமினிய யன்னல்களில் ஸ்டெயின்லெஸ் திருகாணி தாக்குப்பிடிப்பது அப்படித்தான். இதைத் தலைகீழாக்கி, பெரிய ஸ்டெயின்லெஸ் தகட்டைச் சாதாரண உருக்குத் திருகாணியால் பிடித்தால், அத்தனை பெரிய தகட்டுக்கும் அந்தச் சிறு திருகாணி ஒன்றே பலியாக வேண்டும்.

கூரைத் தகடுகளில் இந்தக் கணக்கு சிக்கலாகிறது. இப்போது பரவலாகப் போடப்படும் நிறத்தகடுகளின் உட்பூச்சு 55 வீதம் அலுமினியம், 43.4 வீதம் நாகம், 1.6 வீதம் சிலிக்கன் சேர்ந்தது. நல்லதைப் போடுவோம் என்று அதில் வெறும் ஸ்டெயின்லெஸ் திருகாணியைக் கடலோரத்தில் ஏற்றினால், திருகாணியைச் சுற்றி மைக்கிரோன் கணக்கிலுள்ள அந்த மெல்லிய பூச்சுத்தான் முதலில் கரையும். திருகாணி புதிதாக நிற்க, துளை பெரிதாகும். தடித்த நாகப் பூச்சுக் கொண்ட உருக்குத் திருகாணியும், தலைக்குக் கீழே றப்பர் வாசரும்தான் அங்கே பொருத்தம். தானே துளையிட்டுச் செல்லும் திருகாணியின் முனை கடினமாக இருக்க வேண்டும் என்பதால், காபன் குறைந்த உருக்கின் மேற்தோலுக்கு மட்டும் காபன் ஏற்றிக் கடினமாக்குகிறார்கள். அந்த வேலைக்கான ஏற்பாடு நமது பட்டறைகளில் இல்லை. அதை வெளியிலிருந்து வரும் சரக்குக்கே விட்டுவிடலாம். அஸ்பெஸ்டஸ் தகட்டைக் குழாய்ச் சலாகையோடு பிடிக்கும் கொளுக்கிப் போல்ட்டோ எளிதில் செய்யக்கூடியது, வருடம் முழுவதும் விற்கக்கூடியது, முக்கியெடுத்தால் உப்புக்கும் நிற்கக்கூடியது.

இவற்றை வைத்து முதலீட்டை நான் பங்கிடுவதானால், கையிலுள்ள காசில் பெரும்பகுதியைச் சாதாரண உருக்குக் கம்பியிலும், அதை முக்கியெடுக்கக் கொடுக்கும் செலவிலும் போடுவேன். கொளுக்கிப் போல்ட், அத்திவாரப் போல்ட், அறுவதற்கென்றே வைக்கும் போல்ட் மூன்றும் அதிலிருந்தே வரும். அடுத்த பங்கு 316க்கு, அதுவும் புரியுருட்டும் இயந்திரம் வந்த பிறகு, குளிர்நிலையில் இழுத்த கம்பியில் மட்டும். 304ஐ வேறாக வைத்துக் குழப்புவதைவிட விலை வித்தியாசத்தை ஏற்றுக்கொள்வது கடலோரப் பட்டறைக்கு நல்லது. பித்தளையைச் சிறிதளவு வைத்திருப்பேன். 8.8ஐயும் அதற்கு மேலானதையும் செய்யாமல், அடையாளம் பொறித்த நல்ல சரக்கை வாங்கி விற்பேன். பட்டறை அம்பாறையிலோ அக்கரைப்பற்றுக்கு உட்புறத்திலோ இருந்து, வாடிக்கையாளர் பெரும்பாலும் ஆலைக்காரராகவும் வயற்காரராகவும் இருந்தால், 316க்கு ஒதுக்கிய பங்கை அந்த வாங்கி விற்கும் 8.8க்கே மாற்றிவிடலாம்.

கம்பியை இறக்கும் நாளில் ஆலையின் சோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள உருக்குத் தொகுதி எண் கம்பிக் கட்டில் தொங்கும் தகட்டு எண்ணோடு ஒத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெட்டி வைத்த 303உம் 316உம் ஒரே தாங்கியில் கலந்துவிட்டால் கண்ணால் பிரிக்க வழியே இல்லை. ஆகவே ஒவ்வொரு கம்பியின் ஒரு முனையிலும் தரத்துக்கொரு நிறம் பூசி, எப்போதும் நிறமில்லாத முனையிலிருந்தே வெட்டிக்கொண்டு வர வேண்டும். கடைசித் துண்டு கையில் மிஞ்சும்போதும் அது என்ன உலோகம் என்பது அதன் முனையிலேயே இருக்கும்.